மெடிக்கல் கவுன்டரில் நிற்பவர்களுக்கு, அந்தப் பவுடர் டப்பாவைப் பற்றி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மருந்துக்கடை நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கும், கவுன்டரில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

தாளடி நடவு ஆரம்பித்துவிட்டது. இனி தை அறுப்பு முடிகிற வரைக்கும் உங்கள் கடை வாசலில் சேற்றுக் கால்கள்தான் அதிகம் வந்து நிற்கும். நத்தை ஓடு கிழித்த பாதம், கருக்கரிவாள் பட்ட விரல், வரப்பில் எவனோ உடைத்துப் போட்ட பிராந்தி பாட்டில் சில்லு ஏறிய குதிகால். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "புண்ணுக்குப் போடுற பவுடர் ஒண்ணு குடுப்பா." நீங்களும் 10 கிராம் டப்பா ஒன்றை எடுத்து வைக்கிறீர்கள். காசு கைமாறுகிறது, அடுத்த ஆள் வந்துவிடுகிறார். கேட்டவர் மீதும் தப்பில்லை, கொடுத்தவர் மீதும் தப்பில்லை. ஆனால் அந்த இடைவெளியில் கேட்கப்பட வேண்டிய இரண்டு மூன்று கேள்விகள் கேட்கப்படாமலே போய்விடுகின்றன. அவற்றுக்காகத்தான் இந்த மடல்.

நானும் உங்கள் தொழில்காரன்தான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். கூட்டம் நெருக்கும்போது ஆற அமரப் பேச முடியாது என்பது எனக்கும் தெரியும். அப்படியிருந்தும் டாக்டர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் ஒரு புண் டாக்டரைப் பார்ப்பது கடைசியில்தான். முதலில் பார்ப்பது நீங்கள்.

அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். படித்ததுதான், ஆனாலும் கவுன்டர் பையன்கள் பலருக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. நியோஸ்போரின் என்று ஊரே பெயர் சொல்லிக் கேட்கும் வகைப் பவுடரில் மூன்று ஆன்டிபயாடிக் இருக்கிறது. ஒரு கிராமில் நியோமைசின் 3400 யூனிட், பாலிமிக்ஸின் பி 5000 யூனிட், பேசிட்ராசின் 400 யூனிட். பேசிட்ராசின் பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் கட்டுவதைத் தடுக்கிறது. பாலிமிக்ஸின் சில வகைக் கிருமிகளின் வெளிச் சவ்வைக் கிழிக்கிறது. நியோமைசின் உள்ளே புகுந்து, கிருமி புரதம் தயாரிக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து வேலையைக் கெடுக்கிறது. ஒன்று விட்ட கிருமியை இன்னொன்று பிடிக்கும் என்பதுதான் மூன்றையும் சேர்த்ததற்குக் காரணம்.

இவற்றில் பேசிட்ராசின் வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1943இல் நியூயார்க்கில் மார்கரெட் டிரேசி என்ற 7 வயதுச் சிறுமி காலெலும்பு முறிந்து, புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அந்தப் புண்ணிலிருந்து எடுத்து வளர்த்த ஒரு பாக்டீரியா, பக்கத்தில் இருந்த மற்ற கிருமிகளைச் சாகடிப்பதை பால்பினா ஜான்சன் என்ற பெண் ஆய்வாளர் கவனித்தார். அவரும் ஃப்ராங்க் மெலனி என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்து அதிலிருந்து மருந்தைப் பிரித்தார்கள். சிறுமியின் பெயர் மருந்தின் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நியோமைசின் மண்ணிலிருந்து வந்தது. 1949இல் செல்மன் வாக்ஸ்மனும் அவர் மாணவர் ஹூபர்ட் லெஷவாலியேயும் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து கண்டுபிடித்தார்கள். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்ததற்காக 1952இல் நோபல் பரிசு வாங்கிய அதே வாக்ஸ்மன்தான்.

மெலனியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் சல்ஃபா பவுடர் பொட்டலத்தை இடுப்பிலேயே வைத்திருந்தார்கள். அடிபட்டால் பிரித்துப் புண்ணில் கொட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்திலேயே இந்த மெலனி தலைமையில் பல ஆஸ்பத்திரிகளில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். அழுக்குப் பட்ட காயத்தில் சல்ஃபாவைத் தூவியதால் சீழ் பிடிப்பது குறையவில்லை. காயத்தைச் சுத்தம் செய்து, செத்த சதையை எடுப்பதுதான் வேலை செய்தது. நம்மிடம் இப்போது இருப்பது அதைவிட நல்ல பவுடர்தான். ஆனால் அன்றைக்குத் தெரிந்த அந்த விஷயம் மட்டும் மாறவில்லை. கழுவாத புண்ணில் எந்தப் பவுடரைத் தூவினாலும் அது அழுக்கின் மேல்தான் உட்காரும்.

அதனால் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "கழுவுனீங்களா?" என்பதுதான். வாய்க்கால் தண்ணீரில் கழுவிவிட்டு வந்திருப்பார்கள். அது கழுவின கணக்கில் சேராது. குடிக்கிற தரத்தில் உள்ள குழாய்த் தண்ணீர் ஓட ஓட, சோப்புப் போட்டு, மண் துகள் கண்ணில் படாத வரைக்கும் கழுவ வேண்டும். அதற்கப்புறம் சுத்தத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மேலோட்டமான சிராய்ப்பு, சின்ன வெட்டு என்றால் பவுடரை மெலிசாகத் தூவட்டும். ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து மூன்று தடவை, ஒரு வாரத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். இந்தப் பவுடர் பிறந்ததே இந்த மாதிரிக் காயத்துக்குத்தான், அங்கே தாராளமாகக் கொடுங்கள். ஈரப்பதம் இந்தப் பவுடருக்கு ஆகாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். அடுப்பங்கரை மாடத்தில் மூடி இல்லாமல் போன வருஷத்து டப்பா ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அதை வீசச் சொல்லுங்கள்.

மெலிசாகத் தூவச் சொன்னதற்கும் காரணம் உண்டு. நம் ஆட்கள் கோலமாவு கொட்டுவதுபோல் கொட்டுவார்கள். கசிகிற நீரோடு சேர்ந்து பவுடர் பொருக்குத் தட்டிவிடும். மேலே பார்த்தால் வெள்ளையாக, நன்றாகக் காய்ந்த மாதிரி இருக்கும். உள்ளே சீழ் தேங்கிக்கொண்டிருக்கும். புண்ணைக் காயவிட்டால்தான் ஆறும் என்ற நம்பிக்கையும் இதற்குத் துணை. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் ஒரே மாதிரிக் காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் காயவிட்டு, சிலவற்றை பாலித்தீன் படலத்தால் மூடிப் பார்த்தார். மூடி, ஈரம் போகாமல் வைத்திருந்த காயத்தில்தான் புதுத் தோல் வேகமாக வளர்ந்தது. சுத்தமான காயத்தை மூடி வைப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று இன்றைக்கு மருத்துவர்கள் சொல்வது அதையொட்டித்தான்.

சரி, இனி பவுடர் உதவாத இடங்களுக்கு வருகிறேன். நம் வட்டாரத்தில் உயிரை எடுப்பது அந்த இடங்கள்தான்.

குத்தின காயம் முதலாவது. சீமைக்கருவேல முள், ஆணி, நாற்றுக்கட்டில் செருகியிருந்த கம்பி. மேலே பார்த்தால் கடுகளவுதான் இருக்கும், ஆழமோ விரற்கடை போயிருக்கும். வாய் உடனே மூடிக்கொள்ளும். தூவுகிற பவுடர் மேல்தோலைத் தாண்டாது. உள்ளே காற்று புகாத இடத்தில் வளர்வது ரண ஜன்னி (டெட்டனஸ்) கிருமி. அதன் வித்துகள் மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் சாதாரணமாகக் கிடப்பவை, நம் வயலில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. நியோமைசின் கிருமிக்குள் புகவே ஆக்ஸிஜன் வேண்டும் என்பதால், பவுடர் எப்படியோ ஆழத்துக்குப் போனாலும் அதனால் அங்கே பயனில்லை. இதற்கு ஊசிதான் வழி.

அந்த ஊசி விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பள்ளிக்கூடத்தில் 10 வயதிலும் 16 வயதிலும் போடுகிறார்கள். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் போட்டுவிடுகிறார்கள். வயலுக்குப் போகிற ஆம்பளைக்கு அதற்கப்புறம் யாரும் நினைவுபடுத்திப் போடுவதில்லை. ஐம்பது வயதுக்காரர் மண்வெட்டி பட்ட காலோடு வந்து நின்றால், "டி.டி. ஊசி எப்பப் போட்டீங்க?" என்று கேளுங்கள். மண் பட்ட காயமாக இருந்து, கடைசி ஊசி போட்டு 5 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, நினைவே இல்லை என்றாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அங்கே காசு வாங்கமாட்டார்கள். பவுடர் போட்டாச்சு என்ற நிம்மதியில் அந்த ஊசியைத் தள்ளிப்போடுவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு அந்த டப்பா மீதே கோபம் வரும்.

அடுத்தது சர்க்கரைக்காரர் கால். டெல்டாவில் சுகர் மாத்திரை வாங்காத வீடு குறைந்துகொண்டே வருகிறது என்பது உங்கள் அலமாரிக்கே தெரியும். பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவருக்கு முள் ஏறினதே தெரியாது. "வலியே இல்ல தம்பி, சும்மா ஒரு பவுடர் குடு" என்பார். மற்றவருக்கு வலி இல்லை என்பது நல்ல சேதி. இவருக்கு அதுதான் கெட்ட சேதி. நாலு நாள் பவுடர், இன்னொரு நாலு நாள் பவுடர், அப்புறம் விரல் கருக்கும், அதற்கப்புறம் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ். காலில் புண் என்று வருகிறவரிடம் "சுகர் இருக்கா?" என்று கேட்காமல் டப்பாவில் கை வைக்காதீர்கள். இந்த மடலில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் இந்த வரி நிற்கட்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். வரும்போது பாதத்தையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லி அனுப்பலாம்.

மூன்றாவது சேற்றுப்புண். நடவுக்காரப் பெண்களிடம் கேட்டால் அவர்கள் அதை நோய்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று விரல் இடுக்கு வெளுத்து, ஊறி, வெடித்து, அரிக்கும். ராத்திரி மருதாணியை அரைத்து வைத்துக்கொண்டு படுப்பார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்வது இதற்கு ஆன்டிபயாடிக் பவுடரைக் கொடுப்பதைத்தான். இடுக்கில் இருப்பது பெரும்பாலும் பூஞ்சை. புகையானுக்கு அடிக்கிற மருந்தைக் குலைநோய்க்கு அடித்தால் பயிர் தேறுமா? பூச்சி வேறு, பூஞ்சை வேறு என்று வயலில் தெரிந்தவர்கள்தானே நாமெல்லோரும். க்ளோட்ரிமசோல் பவுடரோ களிம்போ கொடுங்கள், கரையேறியதும் கழுவி இடுக்கைத் துடைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு மருந்து கலந்த ஸ்டீராய்டு களிம்பை மட்டும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அரிப்பு அன்றைக்கே அடங்கும், பூஞ்சை காலெல்லாம் பரவும். அந்த வகை ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018லேயே விதியைத் திருத்திவிட்டார்கள்.

வெடித்த தோல் வழியாகத்தான் எலிக் காய்ச்சலும் ஏறுகிறது. எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீர் போதும். பவுடர் அதைத் தடுக்காது. நடவு நாளில் காய்ச்சலோடு ஒருவர் வந்து, கெண்டைக்கால் சதை தொட்டாலே வலிக்கிறது, கண் சிவந்திருக்கிறது என்றால் பாராசிட்டமால் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நேரத்தோடு டாக்டரிடம் போனால் டாக்சிசைக்ளினோ பென்சிலினோ கொடுத்துக் காப்பாற்றிவிடலாம்.

நாய்க்கடிக்குப் பவுடர் வேண்டாம். 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேராகத் தடுப்பூசிக்குப் போகவேண்டும். நெல் அவிக்கிற இடத்திலோ தீபாவளி வெடியிலோ பெரிதாகச் சுட்டுக்கொண்டவருக்கும் வேண்டாம். தோல் உரிந்த பரப்பு பெரிதாக இருந்தால் நியோமைசின் ரத்தத்தில் ஏறிக் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு. பிறந்த பிள்ளையின் தொப்புளில் தூவ ஆயா கேட்டு வருவார். ஒன்றும் போடாமல் உலர்வாக விடச் சொல்லுங்கள், தானாக விழும்.

பவுடரே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் மறந்துவிடக்கூடாது. நியோமைசினை 2010ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்று அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் அறிவித்தது. பேசிட்ராசினுக்கு அந்தப் "பெருமை" 2003லேயே கிடைத்துவிட்டது. புண்ணைச் சுற்றிச் சிவந்து, பொரிப்பொரியாய் வந்து அரிக்கும். அவர்கள் புண் பெரிதாகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கொட்டுவார்கள். இரண்டாவது டப்பா வாங்க வருகிறவரிடம் காலைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அரிப்பு இருந்தால் நிறுத்தச் சொல்லவேண்டும். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ டாக்டரிடம் அனுப்பவேண்டும்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். "பவுடர் டப்பா முப்பது நாப்பதுன்னு வேணாம், ரெண்டு கேப்சூல் குடு, உடைச்சுப் போட்டுக்கிறேன்" என்று கேட்கிறார்களே, அது. நம் பக்கத்தில் இதைச் செய்யாத கிராமத்தை நான் பார்த்ததில்லை. சில கடைகளில் கேட்பதற்கு முன்பே ஸ்ட்ரிப்பைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கேப்சூலுக்குள் மருந்தோடு மாவுப்பொருள், டால்க், மெக்னீசியம் ஸ்டியரேட் எல்லாம் இருக்கும். குடலுக்குப் போவதற்காகச் செய்தது, திறந்த புண்ணில் போடுவதற்காகக் கிருமி நீக்கியது கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகையைத் தோலில் போட்டால் உடம்புக்கு அந்த மருந்தே ஒவ்வாமையாக மாறும் ஆபத்து அதிகம். பென்சிலினைத் தோலில் பூசும் வழக்கத்தை மருத்துவர்கள் என்றைக்கோ கைவிட்டது இதனால்தான். இன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து உடைத்துத் தூவிக்கொண்டவருக்கு, எப்போதோ ஒருநாள் நிமோனியாவுக்குப் பென்சிலின் ஊசி போடும்போது மூச்சு அடைத்துவிடலாம். காரணம் எது என்று அப்போது யாருக்கும் தெரியப்போவதில்லை.

சட்டமும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. வெளியே போடுகிற பவுடருக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேப்சூல் எச் அட்டவணையில் வருவது, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதது. ஸ்ட்ரிப்பில் இருக்கும் சிவப்புக் கோடு சும்மா அழகுக்குப் போட்டதில்லை.

டப்பாவில் இருக்கும் பாலிமிக்ஸினையும் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில், வேறு எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காத கிருமிக்குக் கடைசியாகப் போடுகிற ஊசிகளில் அதுவும் ஒன்று. அதன் பங்காளியான கோலிஸ்டினைக் கோழி, மாடு, மீன் வளர்ப்பில் பயன்படுத்தக்கூடாது என்று 2019இல் மத்திய அரசு தடை போட்டதே இதைக் காப்பாற்றி வைக்கத்தான். கொசுக்கடியைச் சொறிந்த இடத்திலெல்லாம் தூவித் தீர்க்கிற சரக்கா அது?

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். "நான் கேள்வி கேட்டா அடுத்த மெடிக்கலுக்குப் போயிருவாங்க சார்." உண்மைதான், தனியாக ஒரு கடை மட்டும் செய்தால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். தாலுகாவுக்குத் தாலுகா உங்களுக்குச் சங்கம் இருக்கிறது. விலை விஷயத்தில் ஒரே குரலில் பேசுகிறீர்கள். புண்ணுக்கு உடைத்துப் போட என்று கேட்டால் எந்தக் கடையிலும் கேப்சூல் கிடையாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். வியாபாரக் கணக்கும் பார்க்கலாம். பவுடர் மட்டும் வாங்க வந்தவர், நீங்கள் சொன்னால் சோப்பு, காஸ் துணி, ஒட்டுப் பிளாஸ்திரி, விரல் இடுக்குக் களிம்பு எல்லாம் வாங்குவார். நஷ்டம் என்று சொல்ல முடியாது.

கவுன்டர் கண்ணாடியில் ஒட்ட ஒரு சின்னத் தாள் போதும். புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா, ஊசி எப்போது போட்டீர்கள், சர்க்கரை இருக்கிறதா. பெரிய எழுத்தில், தமிழில். கீழே, குத்தின காயம், கடி, பெரிய தீக்காயம் என்றால் ஆஸ்பத்திரி என்று ஒரு வரி. அச்சுச் செலவு சங்கத்துக்குப் பெரிய பாரமாக இருக்காது. இருந்தால் முதல் கட்டுத் தாளுக்கு நான் கொடுக்கிறேன். இந்த மாசத்துக்குள் கூட்டம் போட்டு, கடைப் பையன்களையும் உட்காரவைப்பதாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், வந்து பேசுகிறேன். நீடாமங்கலத்திலிருந்து எல்லாப் பக்கமும் பஸ் இருக்கிறது, கார் அனுப்பவேண்டாம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனான ஓய்வு பெற்ற மருந்தாளுநர்
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்